பத்து எண்ணும் வரைக்கும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலையில் மட்டும் நான்கு லூலா மீன்கள், அதாவது விரால்கள், என் தூண்டிலைக் கடித்தன. நான்கையும் நானே காப்பாற்றி அனுப்பிவைத்தேன்.

கலேவெலப் பக்கம், ஓயா என்கிற சிற்றாறு வந்து குளத்தில் சேரும் இடத்துக் கரை. உயிருள்ள குஞ்சு மீன்தான் இரை. நூல் அசைந்ததுமே எனக்குக் கை பொறுக்காது. இழுத்தால் வெறும் தூண்டில் முள்தான் வரும்.

"கடிச்சவொடன இழுக்காதீங்க மச்சான்," என்றான் என் மனைவியின் தம்பி நியாஸ். "அது மொதல்ல வாயில வச்சுப் பாக்கும், பொறகுதான் முழுங்கும். பத்து எண்ணுங்க. கடையிலயும் இப்பிடித்தானே, சனம் துணியத் தொட்டவொடன கத்திரிக்கோல எடுக்கிறீங்க!"

ஒரு புடவைக்கடைக்காரனை இதற்குமேல் அவமானப்படுத்த முடியாது.

ஆனால் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் இன்று மாலை வருகிறார்கள். லூலாக் கறி என்று நான்தான் வாய் விட்டேன்.

"மசாலா அரைச்சு வச்சிட்டேன்," என்றாள் மனைவி, போனில். "மீனில்லாம வந்தீங்கன்னா அவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

கடைசிக் குஞ்சு மீனைக் கோத்துக் கொடுத்துவிட்டு நியாஸ் டீ வாங்கப் போயிருக்கிறான். நூலைத் தண்ணீரில் விட்டு, கத்தாரிலிருந்து ஆசையாய்க் கொண்டுவந்த அவனுடைய தூண்டில் தடியைக் கவட்டைக் கம்பில் சாய்த்து வைத்திருக்கிறேன். கை சும்மா இருந்தால் இழுத்துவிடும் என்பதால்தான் இந்தப் பதிவே.

பாருங்கள், இவ்வளவு எழுதியும் தடியை ஒருமுறைகூடத் தொடவில்லை. உங்களில் யாருக்கு இந்தப் பொறுமை உண்டு, சொல்லுங்கள்.

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கவட்டைக் கம்பு இருக்கிறது. தடியைக் காணோம்.