பதினொன்றாம் தகரம்

பேத்தியின் பல்லுக்குக் கம்பி கட்டக் குன்னூர் போயிருந்தோம். ஆஸ்பத்திரிக்குள் அடித்த கிராம்புத் தைல வாசனை, நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்த என்னை, சின்ன வயதில் நாங்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பக வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே தினமும் காலையில் இருபத்துமூன்று குழந்தைகள் வரிசையில் நிற்க, காப்பக ஆயா ஒவ்வொரு உள்ளங்கையிலும் பல்பொடி கொட்டி, "ஈன்னு காட்டு சாமி" என்று வாய்க்குள் எட்டிப் பார்த்து, ஈறு வீங்கியிருந்தால் தைலம் தொட்ட பஞ்சை வைப்பாள். தேயிலை விலை விழுந்து பல்பொடி நின்றபோது அடுப்புக்கரி வந்தது. வரிசை மட்டும் மாறவில்லை.

அந்த வரிசையில் என் தங்கை செல்வி ஏழாவது. அவளுக்குப் பால்பல் விழாமலே பின்னால் புதுப்பல் முளைத்தது.

"கோணப்பல்லி ஆயிருவேனுங்களா ஆயா?" என்று அழுவாள்.

"ஆட்டிக்கிட்டே இரு கண்ணு, வழி விட்டா நேரா வந்துரும்" என்பாள் ஆயா.

ஒன்பதாம் நாள் பல் விழுந்தது. விழுந்த பல்லை தொழிலாளர் குடியிருப்பான லைனில் அவரவர் வீட்டுக் கூரையில் எறிவதுதான் எங்கள் வழக்கம். இவளோ சத்தம் கேட்க வேண்டுமென்று காப்பகத்துத் தகரக் கூரையில் எறிந்தாள். பதினொன்றாம் தகரத்தில் 'டிங்' என்றது.

புதுப்பல் நேராகத்தான் வந்தது. அது பாதி வளர்வதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அவளுடைய போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. பள்ளிக்கூடம் போகையில் தினமும் அந்தக் கூரையைப் பார்த்துப் பதினொன்று வரை எண்ணுவேன். எஸ்டேட்டை மூடிய மாதம் லாரி வந்து தகரங்களைக் கழற்றி ஏற்றியது. பதினெட்டையும் எண்ணினேன். பிறகு காப்பகச் சுவரோரப் புல்லில் மண்டியிட்டு, கண் தெரியும்வரை தேடினேன்.