எங்கள் ஊர் ஒரு டீக்கடை

ஒரு ஊர் எப்படிக் காலியாகும் என்பது தீபாவளிக்குத் திருப்பூரிலேயே தங்கிவிட்டவர்களுக்குத்தான் தெரியும். போனஸ் கைக்கு வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமிருக்காது. அதற்கடுத்த நாள் தெருவில் நாய் குரைத்தால் ஏனென்று கேட்க ஆளிருக்காது. பனியன் கம்பெனிச் சத்தம் நின்று போனதில் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். இந்த வருஷமும் அப்படித்தான். அப்பா போனபிறகு வருகிற முதல் தீபாவளி, அதனால் எங்களுக்குப் பண்டிகை இல்லை. அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறாள். நான் வாசலில் உட்கார்ந்து அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேச ஆளில்லாவிட்டால் வேறென்ன செய்வது?

நான் சிறுமியாக இருந்தபோது லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஒற்றை அறைகள், கடைசியில் ஒரே ஒரு குழாய், அதைச் சுற்றி ஓயாத சண்டை. அப்பா ஒரு கம்பெனியில் அயர்ன் போடுகிறவர். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரைப்போலத் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தீபாவளி வந்தால் வீட்டைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எது யார் சாவி என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் பனியன் துணியைக் கிழித்துக் கட்டி வைப்பார் அப்பா. அவர்கள் வரும்வரை துளசிக்குத் தண்ணீர் விடுவது, மீன் தொட்டிக்குப் பொரி போடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு.

பூட்டிய வீட்டைத் திறப்பதற்கு முன்னால் அப்பா கதவைத் தட்டுவார். உள்ளே ஆளில்லை என்று தெரிந்தும் தட்டுவார்.

"உள்ளதான் ஆருமே இல்லீங்களேப்பா?"

"இல்லாட்டியும் அடுத்தவுக வீடு. தட்டிட்டுத்தான் போகணும்."

அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த மாதிரிதான். அடுத்தவர் வீட்டில் கை வேலை செய்யலாம், கண் வேலை செய்யக்கூடாது. துணி எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார். பெரிய தத்துவமெல்லாம் அவருக்கு வராது.

சாவிகளை வைத்துக்கொண்டு ஊருக்குப் போக முடியாது, அதனால்தான் நாங்கள் எங்கும் போவதில்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன். அம்மாவுக்குச் சொந்த ஊர் பெருமாநல்லூர். டவுன் பஸ்ஸில் ஏறினால் தீர்ந்தது. அங்கேயும் போனதில்லை. அந்தப் பழியையும் சாவிகள் தலையிலேயே போட்டிருந்தேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால், ஊரில் என்ன செய்தீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். கிணற்றில் குதித்தவன், ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்தவள் என்று ஆளாளுக்கு அளப்பார்கள். என் முறை வந்தால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான்காம் வகுப்புத் தீபாவளிக்கு என்னால் தாங்க முடியவில்லை. எனக்கும் ஊர் வேண்டும் என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன்.

"ஏனுங்க, ஒருக்கா புள்ளையக் கூட்டீட்டுத்தான் போயிட்டு வாங்களே. சாவிய நான் பாத்துக்கறனுங்க" என்றாள் அம்மா.

அப்பா எழுந்துபோய், மூட்டை கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமாவிடம் என்னவோ தணிந்த குரலில் பேசிவிட்டு வந்தார். அந்த மாமாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே ஊர்.

தீபாவளியன்று விடிவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கிளம்பினோம். தேய்த்து மடித்திருந்த சட்டையை அப்பா எடுத்து மறுபடியும் தேய்த்துப் போட்டுக்கொண்டார். முந்தின நாள் வரை பிதுங்கி வழிந்த பஸ்ஸில் நாங்கள் நாலைந்து பேர்தான். ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் நான் பேசிக்கொண்டே வந்தேன். மதுரையில் வேறு பஸ் மாறி, மத்தியானம் ஒரு முக்குரோட்டில் இறங்கினோம். ஒரு டீக்கடை, முன்னால் ஒரு பெஞ்சு. ஊருக்குள் போகிற ரோட்டின் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது.

"ஊடு எங்கீங்கப்பா?"

"இருத்தா. கொஞ்சம் உக்காரு."

உட்கார்ந்தோம். உட்கார்ந்துகொண்டே இருந்தோம். நான் மறுபடி கேட்க வாயெடுத்தபோது ஒரு பெரியவர் நடந்து வந்தார். புது வேட்டி, ஓரத்தில் மஞ்சள். அவரைப் பார்த்ததும் அப்பா எழுந்து நின்றார். பஸ் வருகிறதாக்கும் என்று நானும் எழுந்தேன். பெரியவர் அப்பாவைப் பார்க்காமல் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தூரு தாயி?"

"திருப்பூருங்க. ஆனா இதுதானுங்க எங்க ஊரு" என்றேன் பெருமையாக. டீக்கடைக்காரர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. "புள்ளைக்கு ஒரு பால் போடு. சீனி தூக்கலா" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

நான் குடிப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். மேலே ஆடை கட்டியிருந்தது. பாதிக்குமேல் இறங்கவில்லை. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடியும் கடைக்காரரிடம்தான் சொன்னார்:

"மழ வர்றாப்ல இருக்கு. புள்ளயக் கூட்டிக்கிட்டு வெள்ளனமே பஸ்ஸேறச் சொல்லு."

"சரின்னு சொல்லுங்கண்ணே" என்றார் அப்பாவும் கடைக்காரரிடம். இருவருக்கும் நடுவில் கைக்கெட்டும் தூரம்தான் இருந்தது. கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் வந்த வழியே போனார். அவர் கண்ணுக்கு மறையும்வரை அப்பா உட்காரவில்லை. அப்புறம் நான் வைத்த டம்ளரை எடுத்து, மிச்சப் பாலை ஆடையோடு சேர்த்துக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் என்னை ஏற்றினார்.

வீட்டில் அம்மா காத்திருந்தாள்.

"என்ன கண்ணு, ஊரப் பாத்தியா?"

"ஒண்ணுமே இல்லீங்கம்மா. வெறும் டீக்கடைதானுங்க. ஒரு தாத்தா பால் வாங்கிக் குடுத்தாருங்க."

அம்மா அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் எதிரில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததேயில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் எங்கள் ஊர் ஒரு டீக்கடை என்று எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. அதற்கும் அப்பாவிடம்தான் கோபித்துக்கொண்டேன்.

அந்தப் பெரியவர் அப்பாவைப் பெற்றவர் என்று வெகுநாள் கழித்து அம்மா சொன்னாள். வேற்றுச் சாதிப் பெண்ணைக் கட்டியவன் என் வாசலை மிதிக்கக்கூடாது, அவனோடு எனக்குப் பேச்சில்லை என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தாராம். அம்மா வீட்டிலும் அதே கதைதான். எதிர்வீட்டு மாமா முன்னதாகப் போய்ச் சேதி சொல்லியிருக்கிறார். சொன்ன சொல்லையும் விடாமல், பேத்தியையும் விடாமல், மனிதர் டீக்கடை வரைக்கும் வந்திருக்கிறார். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. அப்பாவும் அதன்பிறகு ஊர்ப்பக்கம் போகவில்லை.

அப்பாவுக்குப் பால் ஆகாது. கடுங்காப்பி தவிர வேறெதையும் தொட மாட்டார், பாலாடையைப் பார்த்தாலே குமட்டும். அப்படிப்பட்டவர் அன்று என் எச்சில் டம்ளரைத் துளி மிச்சமில்லாமல் குடித்தார். பண்டத்தை வீணாக்கக்கூடாது என்று எனக்கு ஒரு பாடம் நடத்துகிறார் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.