கட்டில் தலைமாட்டு மாதா

சந்தை வாசலில் மாட்டுக் குடலை வேகவைத்து ரொட்டிக்குள் வைத்து விற்கிற ஓர்நெல்லாவுக்கு, இந்த வயதில் எண்ணெய் ஓவியம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று ஃபிளாரன்சில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அவள் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. மகள் நீவெஸ் மறுபடி உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. இந்தத் தடவை மகளின் கட்டில் தலைமாட்டில் மாதாவும் குழந்தையும் தொங்க வேண்டும். அதுவும் கடையில் வாங்கியதாக இல்லாமல், தாய் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும். பயந்த மனசுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டுமே.

அவள் சேர்ந்த ஓவிய வகுப்பை நடத்துகிற லாப்போ அவளைவிட ரொம்பச் சின்னவன். ஐந்நூறு வருடப் பழைய படம் ஒன்றின் அச்சுப் பிரதியைக் கொடுத்து, அந்தக் காலத்து முறைப்படியே போடச் சொன்னான். மாதாவின் முக்காடும் நீல அங்கியும் ஒருவழியாக ஒப்பேறிவிட்டன. குழந்தைக்கு வந்தபோதுதான் அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். உடம்புக்கு முதலில் பச்சை மண் நிறம் பூச வேண்டுமாம். அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே இளஞ்சிவப்பை ஏற்றினால்தான் தோலுக்கு உயிர் வருமாம்.

"அடியில பச்சை இல்லன்னா பொம்மை மாதிரி ஆயிடும், சிஞ்ஞோரா."

"காயற வரைக்கும் பிள்ளை இப்படியேவா கெடக்கணும்?"

"அப்படித்தான். கையை வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க."

சும்மா இருக்கிற கையா அது? லாப்போவின் பட்டறைக்கு விடுமுறை விட்டதும் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை அலமாரி மேல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். காலையில் எழுந்ததும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டியது. மறுநாளும் ஒட்டியது. நீவெஸுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று மருமகன் தொலைபேசியில் சொன்ன அன்று அவளால் பொறுக்க முடியவில்லை. ஈரப் பச்சையின் மேலேயே சிவப்பைத் தேய்த்தாள்.

இரண்டும் குழம்பி, குழந்தையின் முகம் சாம்பலாகிவிட்டது.

அந்த நிறத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அந்த முதல் பிள்ளையை நர்ஸ் துணியில் சுற்றி நீட்டியபோது நீவெஸ் தலையைத் தூக்கினாள். "பாக்காத, நல்லாயில்ல" என்று சொல்லி அவளுக்குக் காட்டாமல் பிள்ளையைத் தான் வாங்கிக்கொண்டு திரும்பியவள் ஓர்நெல்லாதான். பார்த்தவளும் அவள் மட்டும்தான். நீவெஸ் அதன்பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயம் மட்டும் தாயை விடவே இல்லை.

கத்தியால் சாயத்தை வழித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. நீவெஸிடமும் ஒரு சாவி இருந்தது. ஓர்நெல்லா படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"நகரு, மம்மா."

"இன்னும் முடியலடி. முடிஞ்சதும் பாரு."

"நகருன்னேன்."

நகர்ந்தாள். நீவெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழித்தது போக மிச்சமிருந்த சாம்பல் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் இந்த நிறமாத்தான் இருந்தானா?"

இல்லை என்று ஓர்நெல்லாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மகள் நம்பியிருப்பாள். ஆனால் அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவளுக்கு இனிமேல் தெம்பில்லை.

"ஆமா. ஆனா மூக்கு உன்னுது. நல்ல பிள்ளைடி."

"அப்புறம் ஏன் நல்லாயில்லன்னு சொன்ன?"

"என்னாலதான் தாங்க முடியல. நீ தாங்கமாட்டேன்னு உன்மேல போட்டுட்டேன்."

நீவெஸ் திட்டுவாள் என்று நினைத்தாள். மகளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவனைப் போட்டுக் காட்டு. இதுல வேணாம், இது வரப்போறதுக்கு. வேற எதுலயாவது."

ஓர்நெல்லா ரொட்டி சுற்றுகிற தாளில் ஒன்றைக் கிழித்து, பென்சிலை எடுத்தாள். இத்தனை நாள் அச்சைப் பார்த்துப் பார்த்துப் போட்ட கைக்கு இப்போது பார்க்க எதுவும் வேண்டியிருக்கவில்லை. நெற்றி வந்தது. மூக்கு வந்தது. நீவெஸ் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

"மூடியே போடு" என்றாள் நீவெஸ்.