டினார் பார்க்கிறவன்

என் தம்பி விஜிதரனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சோற்றில் கை வைத்தபடியே எழுந்து வாசலுக்குப் போவான். போனைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். திரும்பி வந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி போவான். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்றால்தான் சிக்னல் வரும். கொட்டுகிற மழையிலும் அவன் பார்ப்பது ஒன்றைத்தான்: ஜோர்தான் டினார் ஒன்றுக்கு இன்றைக்கு எத்தனை இலங்கை ரூபாய்?

பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிள்ளைகளிடம் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். இவன் மகள் நிலக்ஷி எழுந்து, "டினார் பாக்குறாரு டீச்சர்" என்றாளாம். தோட்டமே சிரித்தது. அவன் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

அவன் பெண்சாதி பிரியந்தி ஜோர்தானுக்குத் தையல் வேலைக்குப் போனது 2021 ஆரம்பத்தில். த்ரீவீல் லீசிங் கடனைக் கட்டி முடிக்க வேண்டும், லயத்தை விட்டு வெளியே ஒரு துண்டுக் காணி வாங்க வேண்டும், அதுதான் திட்டம். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நான்கு வயது நிலக்ஷி அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "எப்ப வருவ, எப்ப வருவ?" என்று ஒரே அழுகை. அன்றைக்கு டினார் இருநூற்று எழுபது ரூபாய் சொச்சம். அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த என் தம்பி வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்:

"டினார் ஐநூறு ஆனதும் அம்மா வந்துருவா, சரியா?"

ஐநூறாவது, ஒன்றாவது! நானும்தான் சிரித்தேன். பிரியந்தி சிரிக்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவி, "ஆமாடி தங்கம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த வருஷம் ரூபாயோடு சேர்ந்து நாடும் கவிழ்ந்தது உங்களுக்கே தெரியும். மண்ணெண்ணெய் இல்லை, கேஸ் இல்லை, கோதுமை மாவு விலையைக் கேட்டால் தலை சுற்றும். பெட்ரோல் கியூவில் த்ரீவீலோடு கிடந்த என் தம்பி மட்டும் போனைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். முன்னூறு என்பான், நானூறு என்பான். பக்கத்தில் நின்ற ஒருத்தர், "ஊரே பட்டினி கெடக்கு, ஒனக்குச் சிரிப்பு வருதாடா?" என்று சட்டையைப் பிடித்துவிட்டார். மே மாதம் ஐநூறும் தாண்டியது.

நிலக்ஷி அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். "அத்தை, ஐநூறு ஆயிருச்சு, அம்மா எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டாள்.  அங்கிருந்து பிரியந்தியும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஐநூறு ஆச்சுங்க. வரட்டுங்களா?"

"ஒனக்கென்ன பைத்தியமா? ஒரு சம்பளம் ரெண்டு சம்பளமா வர்ற நேரம் இது. இப்ப வந்தா எல்லாம் போச்சு. அறுநூறு போகட்டும்."

அந்தக் காசில்தான் எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது, நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுநூறு என்றானே, அதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. பிரியந்தி அங்கேயே இருந்துவிட்டாள்.

அறுநூறு வரவே இல்லை. அடுத்த வருஷம் டினார் இறங்கத் தொடங்கியது. மாவு விலை குறைந்தது, சனம் மூச்சு விட்டது. இவன் மட்டும் எழவு விழுந்த வீட்டுக்காரனாகத் திரிந்தான். வெளிநாட்டுக் காசும் மாற்றித் தருகிற ஹட்டன் நகைக்கடை மக்பூல் நானாவிடம் போய், "திரும்ப ஏறுமா நானா?" என்று கேட்பான். "நாடு நல்லாகுது தம்பி, சந்தோஷப்படுங்களேன்" என்று அவர் சொன்னதற்கு அவரோடும் முறைத்துக்கொண்டு வந்தான். மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்தபோது, "ஏறுற வரைக்கும் இரு" என்று சொல்லி இன்னொரு ஒப்பந்தமும் போட வைத்தான்.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. போன மாதம் ஒரு வெள்ளி, பிரியந்தி வீடியோவில் வந்தாள். நிலக்ஷி போனைக் கையில் வாங்கினாள்.

"சாப்பிட்டியாடி தங்கம்?"

"நானூத்திப் பதினஞ்சும்மா. நேத்தவிட ரெண்டு ரூவா கொறைவு. இன்னைக்கு அனுப்பாதீங்க, செவ்வாக்கெழம பாப்போம்."

சொல்லிவிட்டு போனை அப்பாவிடம் நீட்டினாள், விளையாடப் போய்விட்டாள். என் தம்பிக்கு ஒரே பெருமை. "பாத்தியா, எவ்வளவு கெட்டிக்காரின்னு!" என்றான்.

 பிரியந்தி கேட்டாள்:

"அவளுக்கு மேல்பல்லு ஒன்னக் காணோமே. எப்ப விழுந்துச்சு?"

"எந்தப் பல்லு?" என்றான் இவன்.

அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழுகை இல்லை, கோபம்கூட இல்லை.

"இந்த மாசம் காசு வராதுங்க. நான்தான் வர்றேன்."

"ஏய், ஒப்பந்தம் முடியலயே! டிக்கட்டுக்கு நம்ம கையக் கடிக்கும். கொஞ்சம் பொறு, தையில ஏறும்னு..."

போனை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "நீ வாடி! இவன் கெடக்கான் கேனப்பய. நீ கெளம்பி வா!" என்று கத்தினேன்.

அவன் விறுவிறுவென்று இறங்கி ரோட்டுக்குப் போய்விட்டான். போனில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். அவள் மெல்லக் கேட்டாள்:

"அண்ணி, அவ எம் பக்கத்துல படுப்பாளா?"

நாலு வருஷமாக அந்தப் பிள்ளை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது. "படுப்பாடி, ஏன் படுக்காம" என்றேன்.