புட்டிப்பால் ராணி

எங்கள் வீட்டு ஆட்டுக்கு ராணி என்று பெயர் வைத்தவர் நைனா. செஞ்சியில் ஒரு பக்கம் ராஜாக்கோட்டை, எதிரே ராணிக்கோட்டை; நடுவில் இருக்கிற நாங்கள் ஆட்டுக்குக்கூட அதற்குக் குறைந்த பெயர் வைக்க மாட்டோம். ராணி பிறந்த வாரமே அதன் தாய் மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. அன்றிலிருந்து அம்மாதான் புட்டியில் பால் கொடுத்து அதை வளர்த்தாள்.

வளர்ப்பில் குறை சொல்ல முடியாது. நேரம் தவறாமல் பால், மழைக்குச் சாக்கு. ஆனால் தள்ளி நின்று, கையை மட்டும் நீட்டிப் புட்டியைப் பிடிப்பாள். எனக்கும் தம்பிக்கும்கூட அப்படித்தான். சூடாகச் சோறு உண்டு, மடி கிடையாது. அவளே பிறந்ததும் தாயைப் பறிகொடுத்துத் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள். அங்கே வயிற்றுக்குப் போட்டார்கள், தூக்கத்தான் ஆளில்லை.

ராணி மற்ற ஆடுகளோடு சேரவே இல்லை. கோட்டை அகழிப் பக்கம் மேய்க்க ஓட்டினால், மந்தையை விட்டுவிட்டு வந்து அம்மாவின் பின்னாலேயே நடக்கும். அந்தக் கூத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

அது குட்டி போட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஈரக் குட்டியை ராணி நக்கவில்லை. ஏதோ பூச்சியைக் கண்டதுபோல விலகியது. குட்டி காம்பைத் தேடி வந்தால் முட்டித் தள்ளியது. நைனா ராணியின் காலைப் பிடித்துக்கொண்டு ஊட்டவைத்தார். பிடியை விட்டதும் உதை விழுந்தது.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. நாயைக் கிட்டே கொண்டுவந்தால் எப்பேர்ப்பட்ட ஆடும் குட்டிக்கு முன்னால் வந்து கொம்பைச் சாய்த்து நிற்கும், அதற்குப் பிறகு குட்டியை விடாது என்பார்கள். நைனா எதிர்வீட்டு நாயைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். நாய் குரைத்தது. ராணி குட்டியைத் தாண்டிக் குதித்து ஓடி, அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நாய்க்கு எதிரே குட்டி தனியாக நடுங்கியது. அம்மா ராணியைத் தொடவும் இல்லை, விரட்டவும் இல்லை.

“புட்டி குடும்மா, நான் வளக்கறேன்,” என்று அழுதேன்.

“வேணாம். புட்டியில வளந்தா இதுவும் நாளைக்கு இப்பிடித்தான் நிக்கும்,” என்றாள் அம்மா.

“உனுக்கு இன்னா பைத்தியமா? பச்ச உசுரு அது,” என்று சொல்லிவிட்டு நைனாவே புட்டியைத் தேடி எடுத்து ஊட்டிப் பார்த்தார். குட்டிக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பொழுது சாய்வதற்குள் செத்துவிட்டது.

அம்மாவைப்போல் கல்நெஞ்சுக்காரி உலகத்திலேயே கிடையாது என்று நினைத்தேன். வெகு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “இப்பிடித்தான் நிக்கும்” என்று சொன்னபோது அவள் ஆட்டையும் பார்க்கவில்லை, குட்டியையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏன் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

போன தை மாதம் எனக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினாள். அது வீறிட்டு அழுதது. எனக்குக் கை எழவில்லை.

“எடுத்து மார்ல போடும்மா, பசிக்குது பாரு,” என்றாள் நர்ஸ்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வெந்நீர் பிளாஸ்க்கோடு கதவோரம் தள்ளி நின்றிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.