எல்லாவற்றுக்கும் ‘யா’ சொன்னவன்

எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியில் ஆஹென் நகரில் பொறியியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கணவரை இழந்த ஒரு பெண்மணியின் வீட்டில், கீழ்த்தளத்தில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்திருந்தது.

ஜெர்மன் மொழி எனக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது. வீட்டுக்காரம்மா எது கேட்டாலும் ‘யா’ என்றுவிடுவேன். ஆமாம் என்று அர்த்தம். குடியிருப்பவர்கள் முறைவைத்து மாடிப்படி துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஓர் அட்டை தொங்கும். நான் சொன்ன ‘யா’க்களின் புண்ணியத்தில், இரண்டு மாதமாக அட்டை என் கதவை விட்டு நகரவே இல்லை.

மேல்மாடியில் இருந்தவர் தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர் எழுதித் தயாரிப்பவர். ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்களின் கதை, ஊரே பார்க்கும். நான் படி துடைக்கும்போது தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு, ஈரத்தில் மிதிக்காமல் ஓரமாக ஏறிப்போவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, என்னோடு படித்த மதுரைக்கார நண்பன் ஓடிவந்தான். “டேய், நேத்து டிவியில உன்னைப் பார்த்தேன்டா! ஒரு இந்தியன், கையில வாளி, எது கேட்டாலும் யா யாங்கிறான். ஒரே சிரிப்பு!”

எனக்கு முகம் சுட்டது. அன்று மாலையே மேல்மாடிக் கதவைத் தட்டினேன். ஒத்திகை பார்த்த வாக்கியங்களெல்லாம் அவரைக் கண்டதும் மறந்துபோயின. “அது நான்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. “ஆமாம், நீங்கதான். உட்காருங்க” என்று நாற்காலியில் கிடந்த காகிதங்களை எடுத்தார்.

தட்டுத்தடுமாறிச் சொன்னேன். “புரியாததால மட்டும் யா சொல்லலை. இந்த ரூமுக்கு முன்னாடி எட்டு வீட்டுல இடம் இல்லைன்னுட்டாங்க. மறுத்துப் பேசினா இதுவும் போயிடுமோன்னு பயம்.”

அவர் தன் கதையைச் சொன்னார். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்துகொண்டே வானொலிக்கு எழுத ஆரம்பித்து, அறுபதுகளில் தொலைக்காட்சிக்கு வந்தவராம். “பத்து வருஷமா அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதறேன். யாரும் வந்து கதவைத் தட்டினதில்லை. இப்போ சொன்னதை எழுதலாமா?”

“முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டணும்” என்றேன். அந்த வீட்டில் நான் போட்ட முதல் நிபந்தனை.

சொன்னபடி காகிதங்களோடு கீழே இறங்கி வந்தார். அவர் எழுதியதில் அந்த இந்தியன் அழுதான். “நான் அழலையே” என்றேன். தலையசைத்துவிட்டு அந்த வரியை அடித்தார்.

அது ஒளிபரப்பான அன்று வீட்டுக்காரம்மாவின் முன்னறையில் அந்த அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். எட்டு வீட்டுக் கதையை அந்த இந்தியன் சொன்னதும் தொலைக்காட்சியில் சிரிப்பொலி அடங்கியது. பக்கத்தில் வீட்டுக்காரம்மாவின் பின்னல் ஊசிகளும் நின்றன.

எனக்குப் புரியவேண்டும் என்று அந்த அம்மா நிறுத்தி நிறுத்திக் கேட்டார். “உங்களை அனுப்பிடுவேன்னா நினைச்சீங்க?”

தலையாட்டினேன்.

“போர் முடிஞ்சப்போ எனக்கு வீடே இல்லாம, யாரோ ஒருத்தங்க சமையலறையில மூணு வருஷம் படுத்திருந்தேன். அவங்க எதைச் சொன்னாலும் செஞ்சேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட எழுந்துபோனார்.

இன்றும் என்னிடம் வேலை செய்பவர் யாராவது எதற்கும் மறுப்பே சொல்லாமல் தலையாட்டினால், நல்ல மனிதர் என்று சந்தோஷப்பட்டு விட்டுவிட என்னால் முடிவதில்லை. உட்காரவைத்து, நிதானமாக இன்னொரு முறை கேட்கிறேன்.