ராக்கம்மா போட்ட அரைக்கோடு

மருத்துவ ஆராய்ச்சி என்று இந்தப் பூமியில் ஒன்று நடக்கிறதென்றால் அது என் அத்தை ராக்கம்மாவால்தான் நடக்கிறது. லண்டனிலும் அமெரிக்காவிலும் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் காலையில் எழுந்ததும் கோத்தகிரி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மைக்ராஸ்கோப்பைத் தொடுகிறார்கள். வலிப்பை எப்படி எண்ணுவது என்று மனித குலத்துக்கே முதன்முதலில் கணக்கு வகுத்துக் கொடுத்தவள் அவள். அதைக் கேட்ட ஒரு டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

கடைசி வரி மட்டும் உண்மை. மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

அத்தைக்கு நாற்பத்தொரு வயது. கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய அப்பா அம்மா சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கே, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் என்றாலும் பேச்சில் பாதி இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பீலி என்பாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்பாள். ஒரு நாள் வேலைக்குப் பேர் என்பாள். நாள் முழுக்க நின்று கொழுந்து எடுத்தால் ஒரு பேர். மத்தியானம் மழை விரட்டிவிட்டால் அரைப் பேர். மாமா திருப்பூருக்குப் போனவர், போன் நம்பரையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்களுடைய ஒரே மகள் ஜீவா. ஏழு வயது. நாலு வயதில் அவளுக்கு வலிப்பு ஆரம்பித்தது. சில சமயம் வெட்டிய மரம் போல விழுந்து கை கால் இழுக்கும். சில சமயம் விழவே மாட்டாள். சோற்றுக் கையோடு அப்படியே நின்று சுவரைப் பார்ப்பாள், கூப்பிட்டால் கேட்காது, அரை நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல மென்று முழுங்குவாள். மூன்று விதமான மாத்திரை மாற்றிக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. போன தை மாதம் அடுப்போரமாக விழுந்து இடது கை வெந்தது. அதற்குப் பிறகு பிள்ளைக்காம்பரா ஆயாம்மா, “எம்மடியில விழுந்து செத்தா நான் பதில் சொல்ல முடியாது ராக்கு” என்று கதவைச் சாத்திவிட்டாள். பள்ளிக்கூடம் அதற்கும் முன்னாலேயே சாத்திவிட்டது. அத்தை ஒரு பழைய சேலையின் ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையைப் பிள்ளை இடுப்பிலும் கட்டிக்கொண்டு தேயிலைச் செடிக்குள் இறங்கினாள். இரண்டு நாள் பார்த்த சூப்பர்வைசர், “இன்னும் ரெண்டு மாசம் பாக்கறேன். இல்லீன்னா புள்ளைய வெச்சுக்கிட்டு ஊட்டோட இரு” என்றார்.

அந்த வாரம்தான் ஊட்டி ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஷண்முகப்ரியா லயத்துக்கு வந்தார். சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் வரும், மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு ஒரு புது மருந்து. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. சோதனை முடிந்ததும் எல்லோருக்கும் நிஜ மருந்து கிடைக்கும்.

“எம்புள்ளைக்கு எதுங்க?” என்றாள் அத்தை.

“அது எங்களுக்கே தெரியாதுங்க அக்கா. டாக்டருக்கும் தெரியாது. தெரியாம இருந்தாத்தான் சோதனை சரியா வரும்.”

“தெரியாம இருக்கறதுக்கா அத்தனை வருசம் படிச்சீங்க? எங்க சசி ஒன்பதாவதுலயே அதை முடிச்சுட்டாளே!”

சசி என்பது நான்தான். பக்கத்து வீடு. சும்மா இருக்கிற காரணத்தால் ஆஸ்பத்திரித் துணைக்கு எப்போதும் என்னைத்தான் இழுப்பாள்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே ஒரு அட்டையைக் கொடுத்தார். இருபத்தெட்டுக் கட்டம். ஒவ்வொரு தடவை வலிப்பு வரும்போதும் அந்த நாள் கட்டத்தில் ஒரு கோடு. மருந்துக்கு முன்னால் எத்தனை வருகிறது என்று தெரிந்தால்தான் மருந்துக்குப் பின்னால் குறைகிறதா என்று தெரியும். போதுமான அளவு வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். எத்தனை என்று நர்ஸ் சொல்லவில்லை. சொல்லவும் கூடாதாம். ஆனால் தலைகீழாகப் படிப்பது எனக்குக் கைவந்த கலை. வாத்தியார் மேஜை மேல் இருக்கும் மார்க் நோட்டை எதிரே நின்றே படித்துப் பழகியவள். நர்ஸ் மடியிலிருந்த தாளில் ‘குறைந்தது 20’ என்று இருந்தது.

அத்தை அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அன்றிலிருந்து அவள் செய்தது உலகத்தில் எந்தத் தாயும் செய்ய விரும்பாத வேலை. பிள்ளை விழுந்தால் முதலில் தலையைத் தாங்கி ஒருக்களித்துப் படுக்க வைப்பாள், வாயைத் துடைப்பாள், அப்புறம் எழுந்துபோய்க் கோடு போடுவாள். “நிக்கணும்னு சாமி கும்புடறதா, வரணும்னு கும்புடறதாடி?” என்று ஒருநாள் கேட்டாள். கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பென்சிலைத்தான் சீவிக் கொடுத்தேன்.

இருபத்தெட்டாம் நாள் இருட்டியதும் அத்தை பீலிக்குப் போயிருந்தபோது அட்டையை எடுத்துப் பார்த்தேன். கட்டங்களுக்குள் சில கோடு முழு உயரம், சில கோடு பாதி உயரம். எங்கள் லயத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விழுந்தால் முழுப் பேர். வெறுமனே முழித்து நின்றால் அரைப் பேர். எண்ணினேன். முழுசு எட்டு, அரை இருபது. கூட்டினால் பதினெட்டு. நாலு கட்டம் காலி.

இரண்டு குறைகிறது. இரண்டே இரண்டு. அதற்காக இந்தப் பிள்ளையை வெளியே தள்ளிவிடுவார்களா? பென்சில் அங்கேயே இருந்தது. காலியாக இருந்த பதினேழாம் கட்டத்தில் ஒரு முழுக்கோடு, இருபத்திரண்டாம் கட்டத்தில் ஒரு முழுக்கோடு. என் வாழ்க்கையில் செய்த குறும்புகளிலேயே சிரிப்பு வராத குறும்பு அது ஒன்றுதான்.

ஊட்டியில் நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், “இதென்னங்க அக்கா, சிலது குட்டையா இருக்கு?”

“அது அரைப் பேருங்க. விழாம நிக்கறப்ப வர்றது.”

“அரையா?”

“ஆமாங்க. அரை நேரம் வேலை செஞ்சா அரைப் பேருதானுங்களே. முழுசு போட்டா கள்ளக் கணக்காயிடும்.”

டாக்டர் ராஜசேகர் கண்ணாடியைத் துடைத்தது இந்த இடத்தில்தான். “அம்மா, நின்னுக்கிட்டே வந்தாலும் அது ஒரு வலிப்புதாங்க. எல்லாமே முழுசு.”

எல்லாம் முழுசு என்றால் எட்டும் இருபதும் இருபத்தெட்டு. நான் போட்ட இரண்டுக்கும் அவசியமே இல்லை. சரி, போனால் போகிறது, இரண்டு கூடினால் என்ன குறைந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் டாக்டர் ஒவ்வொரு கட்டமாகக் கை வைத்து, அன்று என்ன ஆனது என்று கேட்க ஆரம்பித்தார். அத்தையும் சொன்னாள். அன்னிக்கு சோறு திங்கறப்ப. அன்னிக்கு பாத்ரூம்ல. அன்னிக்கு ரெண்டு தரம், நாக்கைக் கடிச்சுக்கிட்டா. விரல் பதினேழில் நின்றது.

“அன்னிக்கு வரலீங்களே” என்றாள்.

“கோடு இருக்குதுங்களே அம்மா.”

அத்தை அட்டையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். இருபத்திரண்டையும் பார்த்தாள். “அன்னிக்கும் வரல. நாந்தான் போட்டேனா? தூக்கமில்லாம எனக்கே புத்தி கெட்டுப் போச்சுங்களா டாக்டரு?” நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “வராதது ரெண்டு உள்ள இருக்குன்னா மத்ததையும் நாங்க நம்ப முடியாதுங்க அம்மா. இந்த அட்டையை எடுத்துக்க முடியாது. இன்னிலிருந்து புதுசா இருபத்தெட்டு நாள் போடுங்க. அடுத்த மாசக் கடைசியோட ஆள் சேர்க்கறதை நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள கொண்டாந்துட்டா பாக்கலாம்.”

“இன்னும் இருபத்தெட்டு நாளு அவ விழணுமா?” என்றாள் அத்தை. நர்ஸ் புது அட்டையை எடுத்து நீட்டினார்.

வராந்தாவில் புது அட்டையை என் கையில் திணித்துவிட்டு அத்தை ஜீவாவின் முடியிலிருந்து பசையை எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் தலையில் ஒயர் ஒட்டி மூளையைப் பதிவு செய்திருந்தார்கள். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பஸ்ஸில் சொல்லலாம். இல்லை, வீட்டுக்குப் போய். அப்போது ஜீவாவின் கண் நிலைகுத்தியது. அடுத்த நொடி அத்தையின் கையிலேயே வளைந்து சரிந்தாள். அத்தை தரையில் உட்கார்ந்து அவளை ஒருக்களித்துப் போட்டாள்.

“என்னடி வேடிக்கை? மணி பாத்து எழுது!”

பதினொன்று ஐந்து. அட்டையைச் சுவரில் வைத்து முதல் கட்டத்தில் கோடு போட்டேன். இழுப்பு நின்று பிள்ளை மூச்சு விட்டதும் அத்தை கையை நீட்டினாள். கொடுத்தேன். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் போடும் கோடு, கொழுந்து கிள்ளிய விரலின் நடுக்கத்தில் வலப்பக்கம் சாயும். என் கோடு ஆணி அடித்ததுபோல நேராக நின்று, அடியில் ஒரு கொக்கியோடு முடியும்.

“பதினேழாம் நாளு,” என்றாள், பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, “இவ பீலிக்குத் தனியாப் போயி ஒரு சொம்புத் தண்ணி சிந்தாமக் கொண்டாந்தா. இருபத்திரண்டுல நாள் பூரா பாட்டுப் பாடிட்டிருந்தா.”

“அத்தை, நானு...”

“மாசத்துக்கே எம்புள்ளைக்கு நல்ல நாளு நாலுதான்டி சசி. அதுல ரெண்டை ஏண்டி எடுத்த?”